பல்லாவரத்தில் கிடைத்த ஒரு கல்... இந்திய வரலாற்றை லட்சக்கணக்கான ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளிய ராபர்ட் புரூஸ் ஃபூட் யார்?

பல்லாவரம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வெள்ளிக்கிழமை சந்தை, ஜி.எஸ்.டி ரோடு டிராஃபிக், தலைக்கு மேல தாழப் பறக்கும் விமானம். சென்னைவாசிகளில் பெரும்பாலானோர் இதைத்தான் சொல்வார்கள்.

ஆனா, தொல்லியல் படிக்கிறவங்களுக்கு பல்லாவரம் வேறு ஓர் ஊர். 1863 மே 30-ம் தேதி, அங்கிருந்த ராணுவ மைதானத்தில், சரளை தோண்டிய ஒரு குழியில் 28 வயது இளைஞர் ஒருவர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவி அதுதான். இந்த நிலத்தில் மனிதர்கள் எவ்வளவு காலமாக வாழ்கிறார்கள் என்ற கேள்விக்கான பதில் அன்றைக்குத்தான் மாறத் தொடங்கியது.

அந்த இளைஞரின் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்து போன பெயர். அந்த ஒரு வரிக்குப் பின்னாடி இருக்கும் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம்.

யார் இந்த ஃபூட்?

1834 செப்டம்பர் 22-ம் தேதி இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் பிறந்தவர். 1858-ல், 24 வயதில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். போஸ்ட்டிங், மெட்ராஸ் மாகாணம்.

ஒரு விஷயத்தைத் தெளிவா புரிஞ்சுக்கணும். ஃபூட் தொல்லியல் ஆய்வாளர் கிடையாது. பழைய கல் தேடுவதற்காக அவரை யாரும் அனுப்பவும் இல்லை. 1851-ல் தொடங்கப்பட்ட அந்தத் துறைக்கு முக்கியமான தேவை நிலக்கரி, கனிமங்கள். எந்த ஊரில் எந்தப் பாறை, அதற்குக் கீழே என்ன, மேலே என்ன என்று நடந்து நடந்து பார்த்து வரைபடத்தில் குறிப்பதுதான் ஃபூட்டுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. 

தமிழோடு அவருக்கு ஒரு குடும்பத் தொடர்பும் உண்டு. 1862-ல் அவர் திருமணம் செய்துகொண்ட எலிசபெத், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகள். பெர்சிவல் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டிப் புத்தகமாக்கியவரும் அவர்தான். 

அப்போ உலகம் என்ன நினைச்சுக்கிட்டு இருந்தது?

ஃபூட்டின் கையில் கிடைத்த கல் ஏன் பெரிய விஷயம்னு புரியணும்னா, அதற்கு நாலு வருடம் பின்னால் போகணும்.

பிரான்ஸில் சொம் ஆற்றங்கரையில் உள்ள அப்வில் நகரில் பூஷே த பெர்த் என்ற சுங்க அதிகாரி இருந்தார். ஆற்றுச் சரளைக்குள் ஆழத்தில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு மனிதர் செதுக்கிய கற்கள் கிடைக்கின்றன என்று அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். பெரும்பாலான அறிஞர்கள் நம்பவில்லை. மனித இனத்துக்குச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வயது இருக்காது என்பதுதான் அன்றைய பொதுவான எண்ணம்.

1859-ல் ஜோசப் பிரெஸ்ட்விச், ஜான் எவான்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் அங்கே நேரில் போனார்கள். சரளை அடுக்குக்குள் ஒரு கைக்கோடரி அப்படியே பதிந்திருப்பதைக் கண்ணால் பார்த்தார்கள், போட்டோவும் எடுத்தார்கள். அதன் பிறகுதான் அறிவியல் உலகம் இறங்கி வந்தது. டார்வினின் புகழ்பெற்ற நூல் வெளியானதும் அதே 1859-ல்தான்.

இந்தச் செய்திகள் கப்பல் ஏறி மெட்ராஸுக்கும் வந்துசேர்ந்தன. ஐரோப்பாவின் சரளைக்குள் இப்படிக் கருவிகள் இருக்குமானால், தான் தினமும் மிதித்து நடக்கும் சரளையில் ஏன் இருக்கக் கூடாது? பாறை பார்க்கப் போன ஃபூட், கருவிக்காகவும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டது இதனால்தான்.

மே 30: முதல் கல்

சென்னையைச் சுற்றிப் பல இடங்களில் மண் செக்கச்செவேல் என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புச் சத்து நிறைந்த இந்தச் செம்புரைப் படிவத்தை லேட்டரைட் என்பார்கள். சாலை போட இந்தச் சரளையைத் தோண்டி எடுப்பது அன்றும் வழக்கம். அப்படித் தோண்டிய ஒரு பல்லாவரக் குழியில்தான் ஃபூட் அந்தக் கல்லைப் பார்த்தார்.

சரி, ஆயிரம் கற்கள் கிடக்கும் இடத்தில், ஒன்று மட்டும் கருவி என்று எப்படித் தெரியும்?

ஆற்றில் உருண்டோ வெயிலில் வெடித்தோ உடையும் கல்லுக்கு ஒரு ஒழுங்கு இருக்காது. மனிதர் உடைத்த கல்லில் ஒழுங்கு தெரியும். ஒரு கல்லை இன்னொரு கல்லால் சரியான கோணத்தில் தட்டினால், ஒரு சில்லு பெயர்ந்து விழும். அது பெயர்ந்த இடத்தில் சிப்பியின் உட்புறம் போல ஒரு குழிவு உண்டாகும். அப்படிப்பட்ட குழிவுகள் வரிசையாக, விளிம்பைச் சுற்றி, இரண்டு பக்கமும் இருந்தால் அதை இயற்கையின் வேலை என்று சொல்ல முடியாது. யாரோ உட்கார்ந்து, திருப்பித் திருப்பித் தட்டிச் செய்திருக்கிறார்கள்.

ஒரு கல் ஏன் போதாது?

வேற யாராவது இருந்தா அன்னைக்கே உலகத்துக்கு அறிவிச்சிருப்பாங்க. ஆனா, பல்லாவரக் கல்லில் ஒரு சிக்கல் இருந்தது. அது குழியிலிருந்து ஏற்கெனவே தோண்டிப் போடப்பட்ட சரளையில் கிடைத்தது. அதாவது, எந்த அடுக்கில் இருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மேல்மண்ணில் கிடந்து பிற்பாடு கலந்ததாகக்கூட இருக்கலாம் என்று யாராவது கேட்டால் பதில் இல்லை.

பூஷே த பெர்த் பல ஆண்டுகள் பட்ட பாடு இதே கேள்வியால்தான். கல்லை மட்டும் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். கல் இருந்த இடத்தைக் காட்டணும். எந்த அடுக்கில் இருந்ததோ அதுதான் கல்லின் பர்த் சர்டிஃபிகேட்.

நிலவியல் படித்த ஃபூட்டுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் அவர் தேடலைத் தொடர்ந்தார்.

செப்டம்பர் 28: அத்திரம்பாக்கம்

நாலு மாதம் கழித்துப் பதில் கிடைத்தது. சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள சின்ன கிராமம் அத்திரம்பாக்கம். 1863 செப்டம்பர் 28-ம் தேதி ஃபூட்டும் அவருடைய சக அதிகாரி வில்லியம் கிங்கும் அங்கே ஓர் ஓடைப் பகுதிக்குப் போனார்கள். ஃபூட்டுக்கு 29 வயது முடிந்து ஆறே நாள்.

அங்கே கற்கருவிகள் கிடைத்தன. இந்த முறை அவை எந்தப் படிவத்தோடு சேர்ந்தவை என்பதையும் காட்ட முடிந்தது. மழைநீர் அறுத்த ஓடை, மண் அடுக்குகளைப் பக்கவாட்டில் வெட்டித் திறந்து வைத்திருந்தது.

கூடப்போன வில்லியம் கிங்கைப் பற்றி ஒரு குட்டித் தகவல். அவருடைய அப்பா பெயரும் வில்லியம் கிங்தான். அயர்லாந்தில் நிலவியல் பேராசிரியர். நியாண்டர்தால் மனிதருக்கு ஹோமோ நியாண்டர்தாலென்சிஸ் என்ற அறிவியல் பெயரை 1864-ல் வைத்தவர் அவர்தான். அப்பா அங்கே ஆதி மனிதருக்குப் பெயர் வைத்த அதே காலத்தில், மகன் இங்கே திருவள்ளூர் ஓடையில் ஆதி மனிதரின் கருவிகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

கண்டுபிடிப்புகளை ஃபூட் 1866-ல் மெட்ராஸில் வெளியான ஓர் ஆய்விதழில், கருவிகளின் படங்களோடு விரிவாக எழுதினார். 1868-ல் லண்டன் நிலவியல் கழகத்தின் இதழிலும் அவருடைய கட்டுரை வந்தது. ஐரோப்பாவில் சிக்கிமுக்கிக் கல்லில் செய்த அதே வடிவம், இங்கே குவார்ட்சைட் என்ற வேறொரு கடினமான கல்லில். மூலப்பொருள் வேறு, செய்முறை ஒன்று. பிறகு வந்த ஆய்வாளர்கள் இந்தக் கைக்கோடரி மரபுக்கு 'மெட்ராஸ்' என்ற பெயரையே வைத்தார்கள்.

கைக்கோடரியில் என்ன இருக்கு?

பேர்தான் கோடரி. பிடி கிடையாது. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி, ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் தடிப்பாகவும், கண்ணீர்த்துளி அல்லது வாதாம்பருப்பு வடிவத்தில் இருக்கும். இறைச்சி அறுக்க, எலும்பு உடைக்க, மரம் சீவ, கிழங்கு தோண்ட என எல்லா வேலைக்கும் ஒரே கருவி. அந்தக் காலத்து மல்ட்டி-டூல்.

செய்வது சுலபம் என்று நினைக்க வேண்டாம். முதலில் சரியான கல்லைத் தேர்ந்தெடுக்கணும். உள்ளே விரிசல் இருந்தால் தட்டும்போது இரண்டாகப் போய்விடும். அடுத்து, முடிவில் வர வேண்டிய வடிவம் மனதில் இருக்கணும். ஒவ்வொரு தட்டும் அடுத்த தட்டுக்கு இடம் அமைக்கணும். ஒரு பக்கம் தட்டி, திருப்பி, மறுபக்கம் தட்டி, இரண்டும் ஒரே விளிம்பில் சந்திக்கணும். கிடைத்த கல்லை எடுத்து எறிவதற்கும் இதற்கும் ரொம்ப தூரம். திட்டமிடுகிற மூளை, பார்த்துக் கற்றுக்கொள்கிற கூட்டம் இரண்டும் இதற்குத் தேவை.

ஃபூட் தவறிய இடம்

எல்லாவற்றையும் அவர் சரியாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்தால் தப்பு. கரையோரச் செம்புரைப் படிவம் கடலுக்கு அடியில் உருவானது என்று ஃபூட் நம்பினார். அப்படியானால் கருவிகள் கடலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பிற்கால ஆய்வுகள் இதை ஏற்கவில்லை. ஆறும் ஓடையும் வெள்ளமும் கொண்டுவந்து சேர்த்த நிலப் படிவங்கள் அவை. அத்திரம்பாக்கத்தில் மனிதர்கள் அந்த இடத்துக்கே வந்து கருவிகள் செய்திருக்கிறார்கள்.

ஆனா, தவறு என்று பிற்பாடு கண்டுபிடிக்க முடிந்ததே ஃபூட்டின் பதிவுகளால்தான். எந்த ஊர், எந்தப் படிவம் என்று எழுதி வைத்ததால்தான் அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் அதே இடத்துக்குப் போய் சரிபார்க்க முடிந்தது. விளக்கம் தப்பாப் போனாலும் தரவு நின்றது.

அடுத்த ஐம்பது ஆண்டுகள்

33 வருடம் அரசு வேலை. தென்னிந்தியாவில் தங்கம் தரும் முக்கியப் பாறைத் தொகுதியை தார்வார் தொகுதி என்று பெயரிட்டு விளக்கியவர் ஃபூட். பாறை ஆய்வு பகல் வேலை என்றால், கற்கருவி கூடவே ஓடிய இன்னொரு வேலை. போன ஊரெல்லாம் சேகரித்தார்.

1880-களில் ஆந்திராவின் கர்னூல் பகுதியில் உள்ள பில்ல சுரங்கம் குகைகளை, ராணுவத்தில் இருந்த தன் மகன் ஹென்றியோடு சேர்ந்து தோண்டினார். விலங்கு எலும்புகளோடு, எலும்பில் செய்த கருவிகளும் கிடைத்ததாகப் பதிவு செய்தார்.

பெல்லாரி வட்டாரத்தில் விசித்திரமான சாம்பல் மேடுகள் இருந்தன. எரிமலையா, யாக குண்டமா என்று பல கதைகள் ஓடின. அவை புதிய கற்கால மக்களின் மாட்டுச் சாணம் எரிந்து உண்டானவை என்ற பக்கம் நின்றார் ஃபூட். 20-ம் நூற்றாண்டில் நடந்த அகழாய்வுகள் அவர் சொன்னது சரி என்று காட்டின.

1891-ல் ஓய்வு. ஆனா வீட்டில் உட்காரவில்லை. பரோடா சமஸ்தானம், பிறகு மைசூர் சமஸ்தானம் என்று வேலை தொடர்ந்தது. குஜராத்திலும் கற்கருவிகளைத் தேடிக் கண்டுபிடித்தார். 

இத்தனை ஆண்டுகளில் சேர்ந்த பெரும் சேகரிப்பு, 1904-ல் மெட்ராஸ் அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தது. கடைசிக் காலத்தில் அவர் செய்த முக்கியமான வேலை, அந்தச் சேகரிப்புக்கான பட்டியலைத் தயாரித்தது. கிடைத்த ஊர் வாரியாகப் போட்ட பட்டியல் அது. அது அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

ஏற்காட்டில் முடிந்த பயணம்

கடைசிக் காலத்தில் ஃபூட்டின் வீடு ஏற்காட்டில் இருந்தது. சேர்வராயன் மலையிலும் புதிய கற்காலத்தைச் சேர்ந்த, வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகள் கிடைப்பதுண்டு. மலைக் கிராமங்களில் அவற்றைக் கோயில்களில் வைத்துக் கும்பிடும் வழக்கமும் இருந்தது.

1912 டிசம்பர் 29-ம் தேதி கல்கத்தாவில் ஃபூட் காலமானார். உடல் தகனம் செய்யப்பட்டு, அஸ்தி ஏற்காட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலய வளாகத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. அடுத்த முறை ஏற்காடு டிரிப் போனால், லேக் போட்டிங்குக்கு நடுவே பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

சரி, அந்தக் கற்களுக்கு என்ன வயசு?

ஃபூட்டுக்கு இது கடைசிவரை தெரியாது. மிகப் பழையது என்று மட்டும்தான் அவரால் சொல்ல முடிந்தது. எத்தனை ஆண்டு என்று அளக்கும் கருவி அன்று உலகத்தில் யாரிடமும் இல்லை.

அதற்கான விடை கிடைக்க 148 ஆண்டுகள் ஆயின. சென்னையைச் சேர்ந்த சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் உள்ளிட்டோர் 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழாய்வு நடத்தினர். 3,500-க்கும் மேற்பட்ட அச்சூலியன் வகைக் கருவிகள் கிடைத்தன. கைக்கோடரிகள் அடங்கிய மரபுக்குத்தான் அச்சூலியன் என்று பெயர்.

வயதை எப்படிக் கணித்தார்கள்? நிலத்தின் மேலே கிடக்கும் கல்லின் மீது விண்வெளியில் இருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் விழுந்துகொண்டே இருக்கும். அதனால் கல்லில் உள்ள குவார்ட்ஸில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க ஐசோடோப்புகள் மிக மிகச் சிறிய அளவில் சேரும். கல் ஆழத்தில் புதைந்துவிட்டால் சேர்வது நின்றுவிடும், இருப்பது மட்டும் சிதையத் தொடங்கும். அலுமினியம் வேகமாகச் சிதையும், பெரிலியம் மெதுவாக. இரண்டுக்கும் உள்ள விகிதத்தை அளந்தால், கல் புதைந்து எவ்வளவு காலம் ஆச்சு என்று தெரிந்துவிடும். மண் அடுக்குகளில் பதிவாகியிருக்கும் பூமியின் பழைய காந்தத் திசையையும் அளந்து, இரண்டு முடிவுகளும் பொருந்துகிறதா என்று பார்த்தார்கள்.

2011-ல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது. குறைந்தபட்சம் 10.7 லட்சம் ஆண்டுகள். சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள். ஆப்பிரிக்காவுக்கு வெளியே கிடைத்த மிகப் பழைய அச்சூலியன் கருவிகளில் அத்திரம்பாக்கமும் ஒன்றானது.

2018-ல் 'நேச்சர்' இதழில் இன்னொரு அப்டேட். அதே ஊரில், மேல் அடுக்குகளில், பெரிய கைக்கோடரிகள் குறைந்து சின்னச் சின்னக் கருவிகள் வரத் தொடங்குகின்றன. கல்லை முதலில் பக்குவமாகச் செதுக்கித் தயார்செய்து, அதிலிருந்து ஒரே தட்டில் வேண்டிய வடிவத்தில் சில்லு எடுக்கும் லெவல்வா முறை. 7,000-க்கும் மேற்பட்ட கருவிகள். மணல் கடைசியாக வெயில் பட்டது எப்போது என்று அளக்கும் முறையில் கணக்கிட்டபோது, இந்த மாற்றம் சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது தெரிந்தது. இந்தத் தொழில்நுட்பம் நவீன மனிதர்களோடு சேர்ந்து ரொம்பப் பிற்காலத்தில்தான் இந்தியாவுக்கு வந்தது என்ற கருத்தை இது அசைத்துப் பார்த்தது.

இந்தக் கருவிகளைச் செய்தது யார்? நம்ம இனமான ஹோமோ சேப்பியன்ஸ் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு உலகத்திலேயே கிடையாது. ஆக, முதல் கைக்கோடரிகளைச் செய்தது நமக்கு முந்தைய ஏதோ ஒரு மனித இனம். அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு எதுவும் கிடைக்காததால், அந்தக் கேள்வி திறந்தே இருக்கிறது. 

இப்போ பார்க்க முடியுமா?

முடியும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஃபூட்டின் சேகரிப்பு இருக்கிறது. பூண்டி நீர்த்தேக்கம் அருகே மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்றும் இருக்கு. அத்திரம்பாக்கம், குடியம் குகை வட்டாரத்துக் கருவிகளை அங்கே பார்க்கலாம்.

பல்லாவரக் குழியைத் தேடிப் போகாதீங்க. அந்த வட்டாரம் முழுக்க இப்போ ரோடும் கட்டடமும்தான். செம்மண் சரளைக்கான தேவை மட்டும் குறையவில்லை. அன்று சாலைக்குத் தோண்டினார்கள், இன்று மனை நிரப்பத் தோண்டுகிறார்கள். ஒரு லாரி சரளையோடு என்னென்ன போகிறது என்று நின்று பார்க்க ஒவ்வொரு குழியிலும் ஒரு ஃபூட் இருப்பதில்லை.

அப்படி எங்காவது, விளிம்பெல்லாம் செதுக்கிய ஒரு கல்லை நீங்கள் பார்த்தால் என்ன செய்யணும்? பாக்கெட்டில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துடாதீங்க. கல் கிடந்த நிலையிலேயே போட்டோ எடுங்க, போனில் லொகேஷனைச் சேமிங்க, மாநிலத் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்க. இடம் தெரியாத கல் ஷோகேஸுக்குத்தான் ஆகும். பல்லாவரத்தில் கல்லை எடுத்த பிறகும் ஃபூட் அத்திரம்பாக்கம் வரை தேடிப் போனது அதனால்தான்.